வெனிஸுக்கு எந்த மாதம் போவது?

வெளிநாட்டில் பிள்ளைகளோ சகோதரர்களோ இருக்கும் பெண்கள் இன்று நம் ஊர்களில் அநேகம். போய்வர விசா கிடைத்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாதம் போனால் நல்லது?" என்பதுதான். நானும் அப்படிக் கேட்டவள்தான். என் தங்கை இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை பிழையான காலத்தில் போனேன். இரண்டாம் தடவை, எல்லோரும் "போகாதே" என்று சொன்ன காலத்தில் போனேன். அந்த அனுபவத்தைச் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்வது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோடு சேர்ந்த ஒரு வாவிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளில் கட்டப்பட்டது வெனிஸ். தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். கார், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி எதுவும் உள்ளே கிடையாது. நடக்க வேண்டும், அல்லது படகில் ஏற வேண்டும். 1846 ஆம் ஆண்டு ரயில் பாலம் போடப்படும் வரை தரை வழியாக அங்கே போகவே முடியாது. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, வாவிக்குள் இப்படியொரு நகரமா என்று வியப்பாக இருந்தது.

ஓகஸ்ட்: வெயிலும் சனமும்

நான் ஆசிரியையாக இருந்தபடியால் 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில்தான் முதலில் போக முடிந்தது. ஐரோப்பாவில் அது கோடைகாலம், ஆகவே நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாகத் தங்கையைக் காணவில்லை என்ற தவிப்பும் இருந்தது.

அங்கே இறங்கியதும் வெக்கை நம் ஊர் வெக்கையை நினைவூட்டியது. வாவியின் ஈரக்காற்றால் உடம்பு பிசுபிசுத்தது. கால்வாய்களில் ஒரு நாற்றம். 1591 இல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ கற்பாலத்தில் ஏறி இறங்கவே நெரிசலில் கால் மணித்தியாலம் சென்றது. புனித மாற்கு சதுக்கத்தில் நிழல் தேடி அலைந்தேன். படிகளில் உட்கார்ந்து சாப்பிடவும் அனுமதியில்லை. உட்கார வேண்டுமானால் கடையில் பணம் கொடுத்துத்தான் உட்கார வேண்டும்.

அதையெல்லாம் பொறுத்துக் கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. ஹோட்டல்கள் நிரம்பி வழியும் மாதம் அது. தங்கைக்கு ஒரு நாள் கூட லீவு கிடைக்கவில்லை. விடிய ஆறு மணிக்குப் போவாள். இரவு வந்து, இரண்டு வாய் சோறு தின்றதும் இருந்த இடத்திலேயே நித்திரையாகி விடுவாள். ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து போய், நித்திரை கொள்ளும் தங்கையின் முகத்தைத்தான் நான் மூன்று கிழமையும் பார்த்தேன். விமான நிலையத்தில் விடைபெறும்போது, "அக்கா, உன்னோட ஒழுங்காக் கதைக்கவே இல்லையே" என்று அழுதாள். அந்த அழுகை என் மனதில் கிடந்தது.

நவம்பர்: நீர் ஏறும் காலம்

பிறகு நான் ஓய்வு பெற்றேன். 2023 இல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரும்படி தங்கை கேட்டாள். அம்மாவுக்கு எண்பது வயதை நெருங்குகிறது, முழங்காலும் சரியில்லை. "இன்னும் நாலைஞ்சு வருஷம் போனால் அம்மாவால வர ஏலாது, இப்பவே வாங்க" என்றாள். எப்போது வருவது என்று கேட்டேன். "நவம்பரில வாங்க, அப்பதான் எனக்கு லீவு" என்றாள்.

நவம்பர் என்றதும் எனக்குப் பயம் வந்தது. வெனிஸில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கடல்நீர் நகருக்குள் ஏறும் காலம். பௌர்ணமி, அமாவாசைப் பெருக்கோடு, தெற்கிலிருந்து வீசும் காற்றும் சேர்ந்தால் கடல் வாவிக்குள் தள்ளுப்படும். 1966 நவம்பர் 4 ஆம் திகதி 194 சென்ரிமீற்றர் நீர் ஏறியது. 2019 நவம்பர் 12 ஆம் திகதி 187 சென்ரிமீற்றர். இவை நிலத்தின் மேல் நின்ற ஆழமல்ல, கடல்மட்டத்தை அளக்கும் கணக்கு. ஆனாலும் அவ்விரு நாளும் நகரின் பெரும்பகுதி நீரில் நின்றது.

எங்கள் அம்மா 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடலைக் கண்டவள். அதற்குப் பிறகு கடற்கரைக்கே போகாதவள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? மறைக்கவும் மனம் வரவில்லை. ஒரு பின்னேரம் எல்லாவற்றையும் சொன்னேன். 2020 ஒக்டோபர் முதல் வாவியின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் கிடக்கின்றன, நீர் அதிகம் ஏறும் என்று தெரிந்தால் அவற்றை எழுப்பிக் கடலை மறிப்பார்கள் என்றும் விளக்கினேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "நம்மட ஊரில மழை வெள்ளம் வெளிய போக முகத்துவாரத்தை வெட்டி விடுறம். அவங்க கடல் உள்ள வராம முகத்துவாரத்தை மூடுறாங்க. அவ்வளவுதானே மகள்?" என்றாள். இஞ்சினியர்மார் சொல்வதை விட அது எனக்கு விளங்கியது. "அப்ப போவம். பிள்ளையைப் பார்க்க வேணும்" என்றும் சொன்னாள்.

அம்மா கண்ட வெனிஸ்

தங்கை வசிப்பது மெஸ்த்ரே என்னும் தரைப்பகுதியில். வெனிஸ் தீவுகளில் வாடகை அதிகமென்பதால் வேலை செய்பவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். 1951 இல் ஏறக்குறைய ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022 இல் ஐம்பதாயிரத்துக்கும் குறைவானோரே எஞ்சியிருந்தனர். வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாகி விட்டன.

மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முன்னால் பெருங்கால்வாய். பாலப்படிகள் ஏற அம்மாவால் முடியாது என்று கவலைப்பட்டேன். ஆனால் முதலாம் இலக்கப் படகு பெருங்கால்வாய் நெடுகப் போய்ச் சதுக்கத்தருகே இறக்கி விடுகிறது. ஒரு பாலமும் ஏறத் தேவையில்லை. ஓகஸ்ட்டில் நிற்கவும் இடமில்லாத அதே படகில் நவம்பரில் அம்மாவுக்கு ஆசனம் கிடைத்தது. மூடுபனிக்குள் பழைய மாளிகைகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் காலையில் சதுக்கத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. நகரிலேயே தாழ்ந்த இடம் அதுதான். 110 சென்ரிமீற்றருக்கு ஏறும் என்று கண்டால்தான் கதவுகளை எழுப்புவார்கள். அதற்குக் குறைந்த பெருக்கிலும் சதுக்கம் நனையும். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் நடுங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்குள்ளவர்கள் பலகை மேடைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் நடந்து வேலைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒருவர் வாசலில் நீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா நெடுநேரம் அதைப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலத்தில் நீர் வற்றிப் போனது. "வந்த மாதிரியே போயிட்டுது" என்றாள். அன்று மாலை, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, நீர்க்கரையில் இருந்த ஒரு வாங்கில் தானாகவே போய் உட்கார்ந்தாள்.

நவம்பர் 21 ஆம் திகதி அந்நகரத்தாருக்குப் பெரிய நாள். 1630, 1631 ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, குடும்பம் குடும்பமாக ஆலயத்துக்குப் போகிறார்கள். ஆட்டிறைச்சியும் கோவாவும் சேர்த்த சூப் அன்றைய உணவு. உல்லாசப் பயணிகள் அல்லாத வெனிஸ்காரரை நான் அன்றுதான் கூட்டமாகக் கண்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும். குளிரில் அம்மாவின் முழங்கால் வலித்தது. இரண்டு நாட்கள் மழையில் வெளியே போகவே முடியவில்லை. அந்த இரண்டு நாளும் சுடுதண்ணீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு அம்மா குசினியில் இருக்க, தங்கை சோறு சமைக்க, மூவரும் கதைத்தோம். எங்கள் பயணத்தில் சிறந்த நாட்கள் அவையே.

போகும் சகோதரிகளுக்கு

காலநிலையை மட்டும் பார்த்தால் ஏப்ரல், மே மாதங்களும் செப்டெம்பர் பிற்பகுதியும் இதமானவை. ஆனால் சனமும் செலவும் அதிகம். பெப்ரவரியில் முகமூடித் திருவிழா நடக்கும் நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். 2024, 2025 ஆம் ஆண்டுகளில் ஏப்ரல் முதல் ஜூலை வரை சில நாட்களில், இரவு தங்காமல் வந்து போவோரிடம் நுழைவுக் கட்டணமும் அறவிட்டார்கள். போகுமுன் அவ்வாண்டு விதியை விசாரித்துக் கொள்ளுங்கள். படகில் ஒரு முறை போகும் சீட்டு விலை கூடியது. 2023 இல் ஒன்பதரை யூரோ. பல நாள் சீட்டு வாங்கினால் இலாபம். நவம்பர் முதல் ஜனவரி வரை போவதானால் கம்பளிச் சட்டை, கழுத்துத் துணி, நீர் புகாத சப்பாத்து மூன்றும் அவசியம்.

எல்லாவற்றுக்கும் முதலில், நீங்கள் பார்க்கப் போகும் பிள்ளைக்கு எப்போது லீவு என்று கேளுங்கள். வெளிநாட்டில் நம்மவர்கள் பலர் பிறருடைய விடுமுறைக் காலத்தில்தான் கூடுதலாக உழைக்கிறார்கள். நகரம் அழகாக இருக்கும் மாதத்தில் அவர்களுக்கு நம் முகம் பார்க்கவும் நேரமிருக்காது. அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதம் குளிரோ மழையோ, அந்த மாதத்துக்கே ரிக்கற் எடுங்கள்.