உங்களுக்கு என்ன வேணும்?

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் விடுமுறைக்கு வந்தால், திரும்பிப் போவதற்கு முன்பு வீட்டாரைக் கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குக் கூட்டிச்சென்று சாப்பாடு வாங்கிக் கொடுப்பது எங்கள் பகுதிகளில் இப்போது ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. கொடுப்பவருக்கு அது மனநிறைவு. அழைத்துச் செல்லப்படும் பெண்களுக்கு அது என்ன என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

2024 ஓகஸ்டில் அண்ணா கனடாவிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். 2005இல் போனவர். பிள்ளைகள் இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களை வழியனுப்புவதற்காக அம்மா, சின்னம்மா, நான், என் மகள் நால்வரும் கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போயிருந்தோம்.

கடைத்தொகுதியின் வாசலில் கைப்பைகளைப் பார்த்து உள்ளே விட்டார்கள். யாரும் கேட்காமலே அம்மா அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். காவலாளி சிரித்துக்கொண்டே வேண்டாமென்று கைகாட்டினார். பிள்ளைகளும் சிரித்தார்கள். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? கொழும்பு என்றால் அட்டை கையில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கைப்பழக்கம்.

சாப்பாட்டுப் பகுதி மேல்மாடியில். நடுவில் நூற்றுக்கணக்கான கதிரைகள், சுற்றிவர கடைகள். ஒவ்வொரு கடையின் தலைக்கு மேலும் ஒளிரும் படங்கள். பெயர்களும் விலைகளும் ஆங்கிலத்தில்.

சின்னம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். விடிய மூன்று மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுவார். கடைக்காரர் ஒன்றுக்கு எட்டு ரூபாய் கொடுக்கிறார்.

“உந்தப் படத்திலை இருக்கிற சோறு எவ்வளவு பிள்ளை?”

“2400 ரூபாய் சின்னம்மா.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “முந்நூறு இடியப்பம். என்ரை ரண்டு நாள் வேலை. மாக்காசும் விறகுக்காசும் கழிக்காமல்.”

அண்ணி அதைப் பகிடியாக எடுத்தார். சின்னம்மா பகிடி விடவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அதற்கு அர்த்தம் விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே தவிர, பழைய விலை திரும்பி வந்தது என்பதல்ல. இதைச் சின்னம்மாவுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அண்ணா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். “அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?”

“பிள்ளையளுக்கு எடு ராசா. மிச்சத்திலை நாங்கள் பாப்பம்.”

இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. பெண் தலைமைதாங்கும் குடும்பங்களுடன் வேலை செய்கிறேன். குழுக்கூட்டங்களில் சில நேரம், “உங்களுக்கு என்ன சாப்பிட விருப்பம்?” என்று கேட்பதுண்டு. “மகனுக்கு முட்டை விருப்பம்”, “மூத்தவளுக்கு மீன்பொரியல்” என்றே பதில் வரும். திரும்பவும் கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது உணவுப் பங்கீடு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை எங்கே எழுதுவதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆளுக்கொரு தட்டம் எடுத்து, அவரவர் கடை வரிசையில் நின்று, சாப்பாட்டைத் தாங்களே தூக்கி வரவேண்டும் என்று அண்ணி விளங்கப்படுத்தினார். சின்னம்மாவின் கையிலும் ஒரு தட்டத்தைக் கொடுத்தார். சின்னம்மா அதை மேசையில் வைத்துவிட்டு இருந்துவிட்டார்.

“நான் உதிலை நிக்கமாட்டன்.”

“கால் உளையுதோ சின்னம்மா?” என்றார் அண்ணா.

“கால் உளையேல்லைத் தம்பி. தட்டோடை வரிசையிலை நிக்கமாட்டன்.”

எனக்கும் அம்மாவுக்கும் உடனே விளங்கியது. அண்ணாவுக்கு விளங்கவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தோடு நாங்களும் இருந்தோம். தொடக்கத்தில் சமைத்த சாப்பாடுதான். வெயிலில் தட்டும் வாளியுமாக வரிசை. பிறகே உலருணவு தந்தார்கள். பின்னர் அண்ணா தொலைபேசியில் “சாப்பாடு தந்தவையோ?” என்று கேட்டபோது “ஓம், தந்தவை” என்றோம். தொலைபேசியில் வேறென்ன சொல்வது?

சின்னம்மா தானாகவே சொன்னார். “தம்பி, அங்கை வரிசையிலை எத்தினை பேரெண்டு கேப்பினம். நான் நாலு பேரெண்டு சொல்லுவன். சித்தப்பா இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆனா வாய் நாலெண்டுதான் சொல்லும். பின்னாலை நிக்கிற சனம், பொய் சொல்லிச் சோறு வாங்கிறாள் எண்டு ஏசும். அதுக்குப் பிறகு கோயில் அன்னதானத்துக்கும் நான் போறேல்லை.”

அண்ணாவின் மூத்தவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் விளங்கும், கதைப்பது குறைவு. “யார் அந்த நாலாவது ஆள்?” என்று கேட்டாள்.

“பிறகு சொல்லுறன்” என்றார் அண்ணி.

“இப்பவே சொல்லலாம் அண்ணி” என்றேன் நான். பிள்ளைகளின் மனம் நோகும் என்பார்கள். கேட்கிற வயது வந்த பிள்ளைக்கு, அதற்கு விளங்கும் அளவில் சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் வீடுகளில் “பிறகு” என்று ஒதுக்கி வைத்த கதைகள் ஏராளம். சொல்ல இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.

சின்னம்மா சொன்னார். முள்ளிவாய்க்காலைப் பற்றியல்ல. சித்தப்பா பரந்தனில் சைக்கிள் கடை வைத்திருந்தது, மீன்குழம்பு இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு எழும்புவது, கலியாணம் முடித்த புதிதில் ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் புளியம்பொக்கணைப் பொங்கலுக்குப் போய் வழியில் காற்றுப் போனது. சைக்கிள் கடைக்காரனிடம் பம்ப் இருக்கவில்லை என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளும் சிரித்தார்கள். அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் வரிசையில் நின்றார். மூன்று தரம் போய் எல்லோருக்கும் தூக்கி வந்தார். சின்னம்மாவுக்கு நாசி கோரெங். தட்டை அவர் முன்னால் வைத்து, கரண்டியையும் துடைத்துக் கொடுத்தார்.

“உறைப்புக் காணாது” என்றார் சின்னம்மா. ஆனால் ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை.

முடிந்ததும் வழக்கம்போலத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். மேசை துடைக்கும் பெண் ஓடிவந்தார். “வைங்கம்மா, நாங்க எடுத்துக்கிறோம்.” ஹற்றன் பக்கம். அவருடைய தாய் இன்னும் கொழுந்து பறிக்கிறாராம். இவர் வத்தளையில் ஒரு அறையில் மூன்று பெண்களோடு தங்கி வேலைக்கு வருகிறார்.

“நீங்கள் சாப்பிட்டாச்சோ பிள்ளை?”

“இன்னும் இல்லம்மா. கூட்டம் குறையணும்.”

அப்போது பிற்பகல் மூன்று மணியாகியிருந்தது. இரவு பஸ்ஸுக்கென்று கொண்டுவந்த பனங்காய்ப் பணியாரப் பொட்டலத்தைச் சின்னம்மா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது. அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பொட்டலத்தை வாங்கி ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டார்.