நிலையத்துச் சுவர்க் கடிகாரம்

பழம்பொருள் சேர்ப்போர் பலவகையினர். நாணயம் சேர்ப்பார் உளர். அஞ்சல்தலை சேர்ப்பார் உளர். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைவாரும் உளர். எனக்கு வாய்த்த விருப்பம் சற்று வேறானது. புகைவண்டி நிலையங்களின் சுவர்களில் முற்காலத்தில் தொங்கிய ஊசற் கடிகாரங்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். இன்று என் வீட்டில் அவ்வாறு சேர்ந்தவை பதினொன்று. இவை மணியடிப்பன அல்ல. நிலையத்தில் மணியடிப்பதற்குத் தண்டவாளத் துண்டொன்று தனியே தொங்கும். ஆயினும் பதினொரு கடிகாரங்களும் ஒருங்கே எழுப்பும் ஓசை விருந்தினரின் உறக்கத்தைக் கெடுக்கும். எனக்கோ அவ்வோசை நின்றால்தான் விழிப்பு வரும்.

வீட்டுக் கடிகாரங்கள் எத்தனையோ இருக்க, நிலையத்துக் கடிகாரத்தின்மேல் இத்துணை ஆசை ஏன் என்று நண்பர்கள் கேட்பர். நாம் இன்று 'மணி என்ன?' என்று வினவினால், நாடெங்கும் ஒரே விடை கிடைக்கிறது. புகைவண்டி வருமுன் அப்படியில்லை. கதிரவன் உச்சிக்கு வரும் வேளையே ஒவ்வோர் ஊருக்கும் நண்பகல். கிழக்கே உள்ள ஊரில் நண்பகல் முந்தி வரும்; மேற்கே உள்ள ஊரில் பிந்தி வரும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஏறத்தாழ அரைமணி நேர வேறுபாடு. மாட்டுவண்டியில் செல்பவனுக்கு இதனால் தீங்கில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கோ, சில நிமிட வேறுபாடும் உயிருக்கே இடராக முடியும். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிப்டன் என்னும் சிற்றூரில் இரண்டு வண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். ஓட்டுநர் ஒருவரின் பைக்கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பின் மீண்டும் ஓடியதே காரணம் என்று கூறப்பட்டது.

ஆகவே பொது நேரத்தை முதலில் வேண்டியவர்கள் இருப்புப்பாதைக் கம்பெனியாரே. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையார் 1840இலேயே தம் நிலையங்களில் இலண்டன் நேரத்தைக் கைக்கொண்டனர். அமெரிக்க இருப்புப்பாதைகள் 1883 நவம்பர் 18 அன்று பொது நேரத்திற்கு மாறின. நம் நாட்டில் அப்பெருமை பெற்றது சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக் கூடத்தில் விண்மீன்களை நோக்கிக் கணித்த நேரம், தந்திக் கம்பி வழியே பரவியது. கிழக்கே கல்கத்தாவுக்கும் மேற்கே பம்பாய்க்கும் இடைப்பட்டதாக இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தையே தமக்குரியதாக ஏற்றன. 1906 சனவரி முதல் நாளன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அது சென்னை நேரத்தைவிட ஒன்பது நிமிடம் முந்தியது. என்னிடமுள்ள கடிகாரங்களுள் இரண்டு அதற்கு முற்பட்டவை. அவற்றின் பெரிய முள்ளை நிலையத்தலைவர் ஒருவர் ஏதோ ஒருநாள் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளியிருப்பார் என்று எண்ணும்போது, அம்முள்ளைத் தொடவே எனக்குச் சிறிது கூச்சம் உண்டாகிறது.

இக்கடிகாரங்களின் உள்ளமைப்பும் காணத்தக்கது. வட்டமான மரச்சட்டம், அதனுள் வெண்ணிறம் பூசிய இரும்பு முகப்பு, ஏறத்தாழ ஓரடி அகலம், பின்னே ஒரு சிறு பெட்டி. பெட்டிக்குள் சுருள்வில் ஒன்று பித்தளைக் குடத்தில் அடங்கியிருக்கும். முழுதும் முறுக்கிய வில் வலிமையாக இழுக்கும். தளரத் தளர இழுப்புக் குறையும். அதனால் வாரத் தொடக்கத்தில் விரைந்தும் வார இறுதியில் தளர்ந்தும் கடிகாரம் ஓடக்கூடும். இக்குறையை நீக்க ஆங்கிலேயக் கைவினைஞர் கூம்பு வடிவான பித்தளை உருளை ஒன்றை அமைத்தனர். அதற்குப் 'பியூசி' என்று பெயர். வில்லையும் உருளையையும் ஒரு நரம்புக் கயிறோ சங்கிலியோ இணைக்கும். வில் வலிமையாயிருக்கும்போது கயிறு கூம்பின் ஒடுங்கிய முனையை இழுக்கும். வில் தளர்ந்தபோது அகன்ற முனையை இழுக்கும். வலிமை குன்றியவன் நீண்ட கடப்பாரையைப் பற்றுவதுபோல இது. எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். அமெரிக்க நிலையங்களில் விளங்கிய செத் தாமஸ் கடிகாரங்களிலோ, வில்லுக்கு மாற்றாக ஓர் எடைக்குண்டு தொங்கும். குண்டின் எடை என்றும் ஒன்றே. ஆதலின் அங்கே இச்சூழ்ச்சி வேண்டுவதில்லை.

இனி, மெய்யும் போலியும் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று எளிய விலைக்குக் கிடைக்கும். அதன் முகப்பில் இருப்புப்பாதைக் கம்பெனியொன்றின் முதலெழுத்துகள் இருந்தாலோ, விலை பன்மடங்காகும். எழுத்தோவியர் ஒருவரின் அரைநாட் கூலியில் இம்மாற்றம் நிகழ்ந்துவிடும் என்றால், போலிகள் பெருகுவதில் வியப்பென்ன?

இதனை எனக்குக் கற்பித்தவர் ஒரு கடைக்காரர். சென்னையில் 1985இல் தீக்கிரையாகிய மூர் மார்க்கெட்டில் அவர் கடை இருந்தது. எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பர். ஒருநாள் அவர் மேசையின் அடியிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து என்முன் வைத்தார். முகப்பில் 'எஸ்.ஐ.ஆர். 1868' என்று கரிய எழுத்துகள் அழகாக விளங்கின.

"இதன் விலை என்ன, பாய்?" என்றேன்.

"இதை நான் விற்பதில்லை, தம்பி. உங்களைப் போன்றவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன். எழுத்தை அப்புறம் படியுங்கள், முதலில் கடிகாரத்தைப் படியுங்கள்" என்றார் அவர்.

எஸ்.ஐ.ஆர். என்பது தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி. இரண்டு கம்பெனிகள் இணைந்து அது தோன்றியது 1874இல். பிறவாத கம்பெனிக்கு 1868இல் கடிகாரம் எங்கிருந்து வரும்? இவ்வாறே, சென்னை – தென்மராட்டா இருப்புப்பாதையின் முதலெழுத்துகள் 1908க்கு முற்பட்ட ஆண்டோடு காணப்பட்டால் ஐயுற வேண்டும். தென்னக இருப்புப்பாதை 1951 ஏப்ரல் 14 அன்று தோன்றியது. வரலாற்றுப் பாடத்தில் வெறும் எண்களாகத் தோன்றிய ஆண்டுகள், அந்தக் கடையில் பணத்தைக் காக்கும் காவலர்களாகிவிட்டன.

ஆனால் எல்லாப் போலியாரும் அவ்வளவு அறியாதவர்கள் அல்லர். ஆண்டினைச் சரியாக எழுதுபவனை வேறு வழியாலேதான் கண்டுகொள்ள வேண்டும். பாய் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பழைய வண்ணப்பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். எழுத்தும் பூச்சும் ஒரே காலத்தனவாயின், வெடிப்பு எழுத்தையும் பிளந்து செல்லும். பின்னாளில் எழுதியதாயின், மை வெடிப்புக்குள் இறங்கிக் கிடக்கும். பின்னர் முகப்பைக் கழற்றினார். முகப்பின் பின்புறத்தில் நான்கு கால்கள் உண்டு. அவை பொறியின் தகட்டிலுள்ள நான்கு துளைகளில் பொருந்த வேண்டும். அத்தகட்டில் பயனற்ற வேறு துளைகள் அடைக்கப்பட்டிருந்தன. ஒரு கடிகாரத்தின் முகமும் மற்றொன்றின் உடலும் சேர்ந்த பிறவி அது! திருகாணிகளின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டு இருந்தது. அத்தகைய திருகாணி 1930களின் இடையில்தான் வழக்குக்கு வந்தது. பெட்டியின் உட்புறமோ தேநீர்ச் சாற்றால் பழுப்பேற்றப்பட்டிருந்தது. நீராவி வண்டிகள் ஓடிய நிலையத்தில் தொங்கிய பெட்டியில் கரித்தூள் படியும். அதுவும் கைபடாத மூலைகளிலேயே மிகுதியாகப் படியும். போலியாரோ கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே மிகுதியாகப் பூசுவர்.

இவை எல்லாவற்றிலும் நான் பெரிதும் மதிப்பது வேறொரு சான்று. கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர்கள் தகட்டின் பின்புறத்தில் ஊசியால் தம் பெயரின் முதலெழுத்தையும் நாளையும் கீறி வைப்பது வழக்கம். எவரும் பார்க்க எழுதியதன்று அது. அடுத்து அதனைத் திறக்கும் தொழிலாளிக்கு விட்டுச்சென்ற குறிப்பு. என்னிடமுள்ள கடிகாரம் ஒன்றில் தமிழ் எண்களிலேயே நாள் கீறப்பட்டிருக்கிறது. முகப்பில் பொன்னெழுத்தில் மின்னும் இலண்டன் கடைக்காரரின் பெயரைவிட எனக்கு அக்கீறலே இனிது. முகப்பிலுள்ள பெயர் பெரும்பாலும் விற்றவருடையதேயன்றிச் செய்தவருடையதன்று.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், மீட்டர் பாதைகளை அகலப் பாதைகளாக மாற்றும் பணி மும்முரமாக நடந்தபோது, இளைஞன் ஒருவன் சாக்கில் சுற்றிய பொருளொன்றை என் வீட்டிற்குச் சுமந்து வந்தான். பிரித்துப் பார்த்தேன். நரம்புக் கயிறு அறுந்திருந்தது. மற்றவை யாவும் செம்மையாக இருந்தன. வெடிப்புகள் எழுத்தினூடே ஓடின. கால்கள் துளைகளில் பொருந்தின. மூலைகளில் கரித்தூள். தகட்டில் ஐவரின் கீறல்கள். மரப்பெட்டியிலும் பித்தளைத் தகட்டிலும் 417 என்னும் ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. பாய் கற்பித்த சோதனைகள் அனைத்திலும் அது தேறிற்று.

அங்கேதான் இடர் தொடங்கிற்று. போலிக் கடிகாரத்தை எவரும் விற்கலாம். அது எந்த நிலையத்துக்கும் உரியதன்று. உண்மைக் கடிகாரமோ நாட்டின் உடைமை. அரசு ஏலத்தில் விட்டாலன்றி அது பிறர் கைக்குப் போகலாகாது. அக்கடிகாரம் மெய்யானது என்று காட்டிய அதே இலக்கம், அது எவருடையது என்பதையும் காட்டிவிட்டது.

"ஏலச்சீட்டு இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் தலைகுனிந்தான். "இல்லை, ஐயா. நிலையத்தை இடிக்கும் வேலைக்குப் போனேன். மூன்று வாரக் கூலி வரவில்லை. இதையாவது எடுத்துப் போ என்றார்கள். நீங்கள் வேண்டாமென்றால், பித்தளையை எடைக்குப் போட்டுவிடுவேன்" என்றான்.

அவன் கூறியதில் பொய்யில்லை என்று எனக்குத் தோன்றிற்று. கூலி நிற்பது அவனுக்கு உண்மை. பித்தளைக் கடைக்குப் போனால் கடிகாரம் அழிவதும் உண்மை. வாங்கிவிட்டால் இரண்டும் தீரும். சுவரில் பன்னிரண்டாவதற்கு இடமும் இருந்தது! அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அவனை மறுபடி அழைத்து, என் எண்ணத்தைச் சொன்னேன். முதலில் அஞ்சினான், போலீசார் பிடிப்பார்களோ என்றான். நானும் உடன் வருவதாகச் சொன்ன பிறகே இசைந்தான். இருவரும் சேர்ந்து புதிய நரம்புக் கயிற்றைப் பூட்டினோம். அவனுடைய விரல்கள் என் விரல்களைவிட நயமாக வேலை செய்தன. மூன்று நாட் கூலியை நான் கொடுத்தேன். அது கடிகாரத்தின் விலையன்று, அவன் உழைப்பின் விலை.

நான்காம் நாள் இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றுக்குச் சென்றோம். கூலி பாக்கி பற்றிய அவன் மனுவையும் கடிகாரத்தையும் ஒருங்கே கொடுத்தோம். மனுவுக்குப் பயன் விளைய ஐந்து மாதம் ஆயிற்று. கடிகாரத்தின் செய்தி அன்றே முடிந்தது. எழுத்தர் அதனை மேசைமேல் சாய்த்து வைத்து, பெறுகைச் சீட்டில் 'பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று, எண் 417, ஓடாதது' என்று எழுதினார்.

"ஐயா, அது ஓடும்" என்றான் இளைஞன்.

எழுத்தர் நம்பவில்லை. அவன் எழுந்து, நாட்காட்டி தொங்கிய ஆணியில் அதனை மாட்டி, ஊசலை மெல்லத் தள்ளிவிட்டான். சிறிது நேரம் மூவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு எழுத்தர் பேனாவை எடுத்து, 'ஓடாதது' என்பதை அடித்து, 'ஓடுகிறது' என்று திருத்தி, பக்கத்தில் தம் கையொப்பத்தையும் இட்டார்.