ஒரு சாண் இருமல்

கோவை வானொலிக்கு முதன்முதலாக உரை பதிவு செய்யப் போனபோது, எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் காகிதத்தைப் பற்றியது. தாள்களைப் பின் போடாதீர்கள், புரட்டாதீர்கள், படித்த தாளை ஓசைப்படாமல் பக்கத்தில் நகர்த்துங்கள். திருச்சி ரோட்டு இரைச்சலை விட்டுக் கனத்த கதவுகளைத் தாண்டி உள்ளே போனால் காது அடைத்த மாதிரி இருந்தது. அந்த அமைதியில் தாள் அசைந்தால், ஓட்டுக் கூரையில் பூனை நடப்பது போல மைக்கில் விழும்.

எனக்கு 10 நிமிடம். மூன்றாம் தாளில் சரசரத்தேன், கூடவே இருமினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபப்படவில்லை. பதிவு முடிந்ததும் டேப் சுற்றிய ஸ்பூலைக் கையாலேயே முன்னும் பின்னும் உருட்டி, இருமல் இருந்த இடத்தைக் காதால் பிடித்தார். பென்சிலால் குறி வைத்து, சவர பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டினார். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டப்' என்று கேட்குமாம். டேப் நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். என் இருமல் கிட்டத்தட்ட ஒரு சாண். குப்பைக் கூடையில் சுருண்டு கிடந்தது. இன்று இதே வேலை கணினித் திரையில் கண் பார்த்துக்கொண்டே முடிந்துவிடுகிறது.

எனக்கு அடுத்தவர் அன்னூர்ப் பக்கத்து விவசாயி, பண்ணை நிகழ்ச்சிக்கு வந்தவர். எழுதி வந்ததை மேடைத் தமிழில் வாசிக்க ஆரம்பித்தார். தயாரிப்பாளர் உள்ளே போய் அந்தத் தாளை மெல்ல வாங்கிக்கொண்டு, "ஏனுங்க, வாழைக்குத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா உடறீங்க?" என்றார். "அட, அதையேனுங்க கேக்கறீங்க" என்று தொடங்கியவர் நிற்கவே இல்லை. அவர் பேச்சில் பிளேடு படவில்லை.

1960களில் திருச்சி வானொலி கேட்டு தஞ்சை உழவர்கள் பயிரிட்ட ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. குரலை நம்பித்தான் விதைத்திருக்கிறார்கள். அந்தக் குரல் வரும் பெட்டியை, ஐந்து வால்வு ரேடியோவை, 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் தொழிலதிபர் ஜி.டி.நாயுடு சொன்ன ஊர் எங்களுடையது. பெட்டி செய்வது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. அதற்குள்ளிருந்து ஒரு ஆள் திண்ணையில் பேசுவது போலப் பேச வேண்டுமே, அதுதான் பாடு.

உரை ஒலிபரப்பான அன்று அம்மா சோறு வடித்துக்கொண்டே என் பேச்சைக் கேட்டார். இன்னொரு நாள் வாழைக்காரர் குரல் வந்தபோது, அடுப்பைத் தணித்துவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவரு யாரு கண்ணு, நல்லாப் பேசறாரு" என்றார்.