எதிர் வீட்டுக்குப் போன தட்டு

இனிப்பை வெளியே வைத்தால் ஈ மொய்க்கும் என்பதற்காகவோ, ஒளித்து வைத்ததற்கு ருசி அதிகம் என்பதற்காகவோ, மனிதன் ஆதிகாலத்திலிருந்தே மாவுக்குள் பூரணத்தை வைத்து மூடிக்கொண்டு வந்திருக்கிறான். நமக்குக் கொழுக்கட்டை, சோமாசி, போளி. வடக்கே குஜியா. பம்பாய்க் கரையோரத்தில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் பெனே இஸ்ரேல் என்னும் யூதர்கள், பூரீம் என்ற தங்கள் பண்டிகைக்கு ‘ஹோளிச்சா சண்’ என்றே பெயரிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் பூரண போளிதான் விசேஷம். ஹோலியும் பூரீமும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஏற்பட்ட உறவு இது.

பேகம்பூரில் வசிக்கும் பள்ளிக்கூட உபாத்தியாயினிக்கு யூதர் பண்டிகையோடு என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் ஊரைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு 1755-ல் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்கே அடக்கமாகியிருப்பதால்தான் ஊருக்குப் பேகம்பூர் என்ற பெயர் வந்தது என்பார்கள். பெரிய பள்ளிவாசலின் பாங்கு கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்கிற ஹிந்துக் குடும்பங்கள் இங்கே உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் தட்டு எதிர் வீட்டுக்குப் போகும். ரம்ஜானில் நோன்புக் கஞ்சித் தூக்கு அங்கிருந்து இங்கே வரும். போன பாத்திரம் வெறுமனே திரும்பாது என்பது இந்தத் தெருவின் எழுதாத சட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் உபாத்தியாயர் குழு ஒன்றுடன் கல்கத்தா போயிருந்தேன். மற்றவர்கள் புடைவைக் கடைக்குப் போனபோது நான் நியூ மார்க்கெட்டில் உள்ள நஹூம் என்னும் ரொட்டிக் கடையைத் தேடிப் போனேன். பாக்தாதிலிருந்து வந்த யூதர் ஒருவர் 1902-ல் ஆரம்பித்த வியாபாரம் அது. யூதர் கடையில், கிறிஸ்துமஸ் கேக் வாங்குவதற்காக ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வரிசையில் நிற்பது அந்நகரத்தின் வழக்கம். 1798-ல் அலெப்போவிலிருந்து வந்த ஷாலோம் கோஹன் என்ற வியாபாரியோடு கல்கத்தா யூதர் சரித்திரம் தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அந்தச் சமூகத்தில் இன்று எஞ்சியிருப்பவர் மிகச் சிலரே. ஆனால் 1884-ல் எழுந்த மாகென் டேவிட் ஜெபாலயத்தைத் தலைமுறையாகப் பராமரித்து வருகிறவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். 1881-ல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இன்று படிக்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். பள்ளிக்கூடத்துக்காரியான எனக்கு, கேக்கைவிட இந்தச் செய்திதான் நாவில் நின்றது.

ஊருக்குத் திரும்பியதும் பூரீமைப் பற்றிப் படித்தேன். எஸ்தர் ஆகமம்தான் அதற்கு ஆதாரம். அகாஸ்வேரு என்ற பாரசீக மன்னன் நம் தேசம் தொடங்கி எத்தியோப்பியா வரையில் 127 நாடுகளை ஆண்டான் என்று முதல் வசனமே சொல்கிறது. அவன் அரண்மனைத் திரைச்சீலையைக் குறிக்க அங்கே வரும் ‘கர்பஸ்’ என்ற சொல், பருத்திக்குரிய ‘கார்ப்பாஸ’ என்னும் ஸம்ஸ்கிருதச் சொல்லின் வழி வந்தது. சின்னாளபட்டித் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையே கதையைச் சொந்தமாக்கிவிட்டது.

கதை இதுதான்: ஆமான் என்ற மந்திரி அரசனிடம் போய், “தங்கள் ராஜ்யத்தில் ஒரு கூட்டத்தார் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்கள் வழக்கமே வேறு, அவர்களை விட்டுவைப்பது தகாது” என்று ஓதுகிறான். அவர்களை அழிக்கச் சீட்டுப் போட்டு நாள் குறிக்கிறான். சீட்டுக்கு ‘பூர்’ என்று பெயர், அதனால் பூரீம். அந்தக் கூட்டத்தில் பிறந்தவள் என்பதை மறைத்து ராணியாயிருந்த எஸ்தர், மூன்று நாள் உபவாசமிருந்து, அழைப்பின்றி வந்தால் தலை போகும் என்று தெரிந்தும் அரசன் முன் சென்று தன் ஜனங்களுக்காக மன்றாடுகிறாள். ஆகமம் முழுவதும் தேடினாலும் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. அவர் மறைந்து நிற்கிறார் என்பார்கள் யூதர்கள். உள்ளே பூரணம் வைத்த பண்டம் அந்த நாளுக்குப் பொருத்தமாய் அமைந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

ஐரோப்பிய யூதர் செய்வது முக்கோணமாக இருக்கும். எபிரேய மொழியில் ‘ஆமானின் காது’ என்று பெயர். பழமையான பூரணம் என்ன தெரியுமா? நாம் சோமாசியில் தூவுகிற கசகசாவேதான்! பாக்தாத் யூதர் செய்வது வட்டமாக, உள்ளே பேரீச்சம்பழம் வைத்து, மேலே எள் தூவியது. ஈராக்கில் முஸ்லிம்கள் பெருநாளுக்குச் செய்யும் ‘கிலேச்சா’வுக்கும் இதற்கும் ஒன்றுவிட்ட சகோதர உறவு.

அந்தப் பண்டிகைக்கு நான்கு கடமைகள்: ஆகமத்தை வாசிக்கக் கேட்பது, விருந்துண்பது, ஏழைகள் இருவருக்குத் தானம் செய்வது, ஒருவருக்காவது இரண்டு வகைப் பண்டம் அனுப்புவது. நான்காவதைப் படித்ததும் எங்கள் தெருவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நாங்கள் யாரும் சொல்லாமலே செய்து வருவதற்கு அங்கே சாஸ்திரமே இருக்கிறது!

2025-ஆம் வருஷம் மார்ச் 14, வெள்ளிக்கிழமை. பூரீம், ஹோலி இரண்டும் அன்றே. எங்கள் தெருவிலோ ரம்ஜான் மாதத்துப் பதின்மூன்றாம் நோன்பு. மூன்று பஞ்சாங்கமும் ஒரே சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளை விடக்கூடாது என்று என் மகள் பிடிவாதம் பிடித்தாள்.

“செய்யுங்கள், சாப்பிடுவோம், எதிர் வீட்டுக்கு மட்டும் இதை அனுப்ப வேண்டாம்” என்றார் என் கணவர்.

அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. 2023 அக்டோபரில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதில் மூண்ட யுத்தம், காஸாவில் பல்லாயிரக்கணக்கான உயிர்களைக் குடித்திருந்தது. அந்த மார்ச் மாதத்தில் குண்டு சற்று ஓய்ந்திருந்தபோதிலும் உணவு வண்டிகளுக்கு வழி அடைபட்டிருந்தது. எதிர் வீட்டுப் பெரியம்மா ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகளுக்காகக் கையேந்துவதை நான் அறிவேன். அவருடைய பேரன் என்னிடம் படித்தவன்; இப்போது கல்லூரியில் இருக்கிறான். அந்தச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து அவன் முகத்தில் சிரிப்பே குறைந்து போயிருந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு யூதர் பண்டிகைப் பட்சணமா?

நான் யோசித்தேன். அனுப்பாமல் இருக்கலாம். ‘ஏதோ பிஸ்கோத்து’ என்று சொல்லி அனுப்பலாம். முதலாவது, இருபது வருஷமாகப் போய்வரும் தட்டை நிறுத்துவது. இரண்டாவது, நோன்பாளியின் கையில் பொய்யைக் கொடுப்பது. இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. நானே கொண்டுபோய், இன்னதென்று சொல்லி, அவர் விருப்பத்துக்கு விடுவதென்று தீர்மானித்தேன்.

சமையல் விவரம் கேட்கும் சகோதரிகளுக்காக: மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து மாவைச் சேர்த்து, இரண்டு கரண்டி பால் தெளித்துப் பிசைந்து அரை மணி குளிரவைக்க வேண்டும். கசகசாவை ஊறவைத்து அரைத்து, பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துச் சுருளக் கிளறி ஆறவிட்டால் ஒரு பூரணம். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை நெய்யில் வதக்கி மசித்து ஏலம் சேர்த்தால் மற்றொன்று. மாவை இட்டு, டம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டி, நடுவே கசகசாவை வைத்து மூன்று பக்கமும் மடித்து மூலைகளை அழுத்தினால் முக்கோணம். பேரீச்சம்பழத்தை உருண்டையாக உள்ளே பொதிந்து, தட்டி, எள்ளைத் தூவினால் வட்டம். எங்கள் வீட்டில் பேக்கரி அடுப்பு இல்லை. கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, வளையம் வைத்து, நன்றாகச் சூடானபின் தட்டை இறக்கி மூடினேன். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் விளிம்பு பொன்னிறமாகும். பூரணம் அதிகமானால் முக்கோணம் வாய் திறந்துவிடும். முதல் ஈட்டில் பாதிக் காதுகள் அப்படித்தான் விரிந்தன. அவற்றை என் கணவர் சந்தோஷமாகத் தீர்த்துவைத்தார்.

மாலை ஆறரை மணிக்கு நோன்பு திறந்து, தொழுகை முடிந்த பிறகு போனேன். பெரியம்மாவிடம், இது யூதர்களின் பண்டிகைப் பண்டம் என்பதை முதலிலேயே சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நோன்பு வைக்கிற ஜனமா, டீச்சரம்மா?”

“ஆமாம், பெரியம்மா. இந்தப் பண்டிகைக்கு முன் தினம் நோன்பு.”

“மூஸா நபியுடைய ஜனந்தானே! அவங்க உணவு நமக்கு ஆகாததில்லை” என்று ஒரு பேரீச்சம்பழ வட்டத்தை எடுத்துக்கொண்டார்.

பேரன் எடுக்கவில்லை. “டீச்சர், அந்தக் கதை கடைசியில் எப்படி முடிகிறது?” என்று கேட்டான்.

எஸ்தர் ஜயித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சரித்திரம் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்குக் கதையைப் பாதியில் வெட்டிக் கொடுப்பது முறையல்ல. ஆமானைத் தூக்கிலிட்டார்கள், பிறகு யூதர்கள் தங்கள் பகைவரில் 75,000 பேரைக் கொன்றதாக ஆகமம் சொல்கிறது, அந்த அத்தியாயத்தை வாசிக்கையில் மனம் சங்கடப்படும் யூதர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

அவன் வெகு நேரம் பேசவில்லை. “அப்போ, எல்லாக் காலத்திலும் ஒரு ஆமான் வந்து, ‘அவங்க வேற’ன்னு சொல்லிட்டே இருப்பான், இல்லையா டீச்சர்?” என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. பாடத்தை என்னைவிட அவன் நன்றாகப் படித்திருந்தான்.

மறுநாள் மாலை எங்கள் தட்டு திரும்பி வந்தது. அதன்மேல் கஞ்சித் தூக்கு. பக்கத்தில் நான்கு வடை. கொண்டுவந்தவன் அவன்தான். வாசற்படியில் சற்றுத் தயங்கி, “அந்த முக்கோணம் இன்னும் ரெண்டு இருக்கா டீச்சர்? நன்னி கேட்டாங்க” என்றான்.

பெரியம்மாவுக்குப் பல் வலி. மொறுமொறுப்பான முக்கோணத்தை அவர் தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. இரண்டுக்குப் பதில் நான்காகக் கொடுத்தேன்.

எங்கோ நடக்கும் யுத்தத்தை நிறுத்த எங்கள் தெருவுக்குச் சக்தி கிடையாது. ஆனால் எங்கோ நடப்பதன் பெயரால் இங்கே ஒரு வாசற்கதவு சாத்தப்படாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு கால் கிலோ மைதாவும், சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்லும் கொஞ்சம் தைரியமுந்தான்.