மெய்யுரையும் மறைநூலும்

விழா மலரில் எழுதப் புகுவோர்க்குப் புகழ்ச்சி எளிது, உண்மை அரிது. ஆதலின் உண்மை பேசுதலைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். இந்துக் கல்லூரியொன்றின் பழைய மாணவராகிய நாம் இதற்குக் கிறித்தவ மறைநூலைத் துணைக்கொள்ளுதல் சிலர்க்கு வியப்பாகலாம். பாங்கொலியும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே கடற்காற்றில் வந்து சேரும் கல்முனைக் கரையினர்க்கு அது வியப்பன்று.

நீதிமன்றில் நிகழ்வதொன்றை நோக்குவோம். சாட்சிக் கூண்டில் ஏறும் கிறித்தவர் வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியஞ் செய்வர். இந்துக்கள், பௌத்தர், முஸ்லிம்கள் ஆகியோர் அதற்குப் பதிலாக உறுதியுரை கூறச் சட்டம் இடந்தருகின்றது. ஆனால், தொட்டுச் சத்தியஞ் செய்யப்படும் அந்நூலிலேயே, மத்தேயு சுவிசேடத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஆணையிடுதலே வேண்டாவென இயேசுநாதர் போதித்திருக்கின்றார். குவேக்கர் எனப்படும் கிறித்தவர் 17ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் இப்போதனையைப் பற்றிநின்று, சத்தியஞ் செய்ய மறுத்துச் சிறை புகுந்தனர். அந்நூற்றாண்டு முடியுமுன் ஆணைக்குப் பதிலாக உறுதியுரை கூறும் உரிமை அவர்க்குக் கிடைத்தது. அவர் கூறிய நியாயம் எளியது: மன்றில் ஓர் உண்மை, சந்தையில் வேறோர் உண்மை என்றிருத்தல் ஆகாது. நேற்றைய மீனை இன்றைய மீனென விற்பவர், கூண்டில் ஏறியவுடன் மெய்யராதல் எங்ஙனம்?

நம் முன்னோர் வாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. சைவப் பற்றிற் சிறிதும் தளராத ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பிறர் மறையை அதன் பொருள் சிதையாமல் தமிழிலே தருதலும் வாய்மையே. கல்முனைக்கு அணித்தேயுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர்; பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகி, 1924இல் துறவு பூண்டார். கிறித்தவப் பள்ளியிற் பெற்ற கல்வி அவரைத் தம் நெறியினின்றும் பிறழச் செய்யவில்லை.

எனினும், வாய்மையுள் அரியது தம்மவர்க்கு எதிராக உரைக்கும் வாய்மையே. பொய்ச்சான்று கூறலைப் பத்துக் கட்டளைகள் விலக்குகின்றன. தமக்கும் பெற்றோர்க்கும் சுற்றத்தார்க்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பணிக்கின்றது. தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனத் திருவள்ளுவர் இலக்கணம் வகுத்தார். தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையிலே, ஆராயாது பரப்பிய ஒரு வதந்தி, ஒரே சந்தையிற் கொள்வாரையும் விற்பாரையும் பகைவராக்க வல்லது. அவ்வேளையில், "எம்மவர் செய்ததும் தவறே" என்று துணிந்து கூறும் ஒருவர், இரண்டு ஊர்களையுங் காப்பவராவர்.

ஆதலின் சங்கத்தார் எல்லோரையும் நாம் வேண்டுவது இதுவே: கல்லூரியின் கணக்கையும் வரலாற்றையும் உள்ளபடியே எழுதுவோம், தகுதியறியாது நற்சான்றுப் பத்திரம் வழங்காதிருப்போம், அயலூரார் பற்றிக் காதில் விழுந்ததை, அவ்வூரார் ஒருவரிடம் கேட்டறியுமுன் பிறர்க்கு உரையாதிருப்போம்.