முறை

திருநெல்வேலிப் பக்கத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், ஊர்ப்பெயருக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி, 'நமக்கு என்ன முறை வேணும்?' என்பதுதான். மாமன் முறையா, சித்தப்பன் முறையா என்று தெளிந்த பிறகே பேச்சு இயல்பாகும். இதே சொல் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் நீதி என்னும் பொருளில் நிற்கிறது. தாமிரபரணிப் பாசனத்திலோ, வாய்க்கால் தண்ணீர் எந்த மடைக்கு எப்போது என்று வகுப்பது முறை. உறவு, நீதி, பங்கு ஆகிய மூன்றையும் மொழி ஒரு சொல்லுக்குள் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தமிழ் கற்பிக்கும் நம்மைப் போன்றோருக்கு, ஒன்று குலைந்தால் மற்ற இரண்டும் நிலைப்பதில்லை என்று எண்ணவே தோன்றுகிறது. கூடங்குளத்தைப் பற்றி யோசிக்கும்போது அந்த எண்ணம் இன்னும் வலுவாகிறது.

மின்சாரம் இப்பகுதிக்குப் புதியதன்று. பாபநாசத்தில் பொருநையின் நீரைக் கொண்டு 1944இலேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. தூத்துக்குடி நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1979இல், அங்கே அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. பின்னர் கயத்தாறு, பணகுடி, ராதாபுரம், முப்பந்தல் என்று காற்றாலைகள் எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, அதுவரை பனையோலையைச் சலசலக்க வைத்ததைத் தவிர வேறு பயனறியாதது, யூனிட் கணக்கில் விற்பனையாயிற்று. நீர், நிலக்கரி, காற்று என மூன்றும் ஏற்கெனவே மின்சாரமாகிக்கொண்டிருந்த தென்கோடிக்கு நான்காவதாக வந்தது அணு. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கை அதன் தொடக்கம். சோவியத் நாடே இல்லாமல் போன பிறகு 1998இல் துணை ஒப்பந்தம் ஏற்பட்டு, 2002 மார்ச்சில் கான்கிரீட் போடப்பட்டது.

இத்தனை இருந்தும் 2012இல் நாம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மறந்துபோனவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்று அறிவிப்பு இருந்தபோது, தென்மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தினோம். மாவு அரைக்கும் கடை அண்ணாச்சி, கரண்ட் வரும் நேரத்தைச் சாக்பீசால் பலகையில் எழுதிவைத்து, பிறகு அழிப்பதையே வேலையாக வைத்திருந்தார். சுழற்சி முறை மின்வெட்டு என்று அதற்குப் பெயர். முறை என்ற சொல் மட்டும் இருந்தது. யாருக்கு எவ்வளவு, எப்போது என்று சொல்லி அதன்படி நடந்துகொள்வதே முறைப் பாசனத்தின் உயிர். அது இங்கே இல்லை.

அந்த இருட்டில்தான் ஒரு பேச்சு பரவிற்று: 'இடிந்தகரைக்காரர்கள் வழிமறிக்கிறார்கள், அதனால்தான் நமக்குக் கரண்ட் இல்லை.' பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்டோம். கடற்கரை மாணவர்கள் சிலர் வகுப்பில் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டார்கள். ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள், ஒருவரையொருவர் முறை சொல்லி அழைக்கக்கூடியவர்கள், மின்விசிறி சுழலாத அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த அந்த மாதங்களை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு? மாநிலத்தின் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் என்று அப்போது சொல்லப்பட்டது. கூடங்குளத்தின் முதல் இரண்டு அலகுகளும் முழுமையாக ஓடினாலும், முதலில் செய்யப்பட்ட பங்கீட்டின்படி 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925 மெகாவாட்தான். பற்றாக்குறையின் வேர்கள் வேறிடத்தில் இருந்தன. 2003க்குப் பிறகு 2010 வரை கட்டணம் திருத்தப்படவில்லை. தேர்தலுக்கு அஞ்சிய அரசுகள் வாரியத்தின் இழப்பைக் கடனாக வளர்த்தன. அடுத்து 2012இல் கட்டணம் ஒரேயடியாக 37 விழுக்காடு அளவுக்கு ஏறியது. காற்றாலைகளின் நிறுவுதிறன் ஏறத்தாழ 7,000 மெகாவாட் இருந்தும், காற்று மிகுந்த மாதங்களில் அதை முழுதும் ஏந்திச் செல்லப் போதிய கம்பித்தடம் இல்லை. காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் வீட்டில் விளக்கை அணைப்பதும் ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்தில் நடந்தன. கட்டணத்தை வரையறுக்க 1999 முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயரிலும் முறை இருக்கிறது.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் நம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. இயற்பியல் துறை நண்பர்கள் பலர் உலையை ஆதரித்தார்கள். அவர்களுடைய வாதங்களைக் கேட்டிருக்கிறோம். அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் உலையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: இதையெல்லாம் சட்டப்படி, எல்லாருக்கும் தெரியும்படி, கேட்டுக் கேட்டுச் செய்தார்களா?

முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 1989இல் தரப்பட்டது. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடெல்லாம் 1994 அறிவிக்கைக்குப் பின் வந்தது. ஆகவே 2002இல் அடித்தளம் போட்டபோதும் பழைய அனுமதியே போதும் என்று ஆயிற்று. நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டத்தின் எழுத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் ஒப்பந்தம் செய்த நாடு மாறிற்று. பேச்சிப்பாறைத் தண்ணீர் எடுப்பதாக இருந்த திட்டம் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டமாக மாறிற்று. கரையிலிருந்த ஊர்களின் மக்கள்தொகை மாறிற்று. 2004 டிசம்பரில் கடலே ஒருமுறை உள்ளே வந்து போயிற்று. மாறாதது அந்த அனுமதி மட்டும்தான்.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்ததைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகு, அதே ஆண்டு இடிந்தகரை லூர்து மாதா கோயில் முற்றத்தில் பந்தல் எழுந்தது. மீனவப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே உண்ணாநோன்பு இருந்தார்கள். செப்டம்பரில் மாநில அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணியை நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். மறுநாளே, மார்ச் 19இல், பணியைத் தொடரலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்து, 500 கோடி ரூபாய்க்கு வட்டார வளர்ச்சித் திட்டத்தையும் அறிவித்தது. அச்சம் நீங்கிவிட்டதா என்று அஞ்சியவர்களை யாரும் கேட்கவில்லை. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு உரை தேவையில்லை.

தகவல் கேட்டவர்களும் இருந்தார்கள். பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இடத்தேர்வு மதிப்பீட்டையும் வெளியிட வேண்டும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. அணுமின் கழகம் தில்லி உயர் நீதிமன்றம் சென்று அதற்குத் தடை பெற்றது. 'உலை பாதுகாப்பானது, நம்புங்கள்' என்று சொன்ன அதே வாய், 'ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்' என்றும் சொன்னது. 2013 ஏப்ரலில் நான்கு வால்வுகளில் குறை இருந்தது தெரிந்து மாற்றப்பட்டன. 2019 அக்டோபரில் நிலையத்தின் கணினியமைப்பில் ஊடுருவல் சாத்தியமே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று கழகம் ஒப்புக்கொண்டது. உலைக்கு அதனால் ஊறில்லை என்பது சரியாகவே இருக்கலாம். முதல் நாள் அறிக்கையைப் படித்தவர் மூன்றாவது அறிக்கையை எப்படி நம்புவார்?

கேட்டவர்களுக்குக் கிடைத்தது வழக்கு. கூடங்குளம் காவல் நிலையம் என்ற ஒரு சிறு நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது அரசுத் துரோகமும், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததாகவும் பிரிவுகள் போடப்பட்டன. முதல் தகவல் அறிக்கைகளில் சில பெயர்களும், அவற்றின் பின்னால் 'மேலும் பலர்' என்ற தொடரும் இருந்தன. இலக்கணத்தில் எண்ணும்மை முடிவதற்கு ஓர் இடம் உண்டு. அந்தத் தொடருக்கு முடிவே இல்லை. எந்த வீட்டுக் கதவையும் அதைக் கொண்டு தட்டலாம். நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். காவல்துறைச் சரிபார்ப்பில் அது நின்றுபோயிற்று. "நான் எந்த வழக்கில் இருக்கிறேன் என்றாவது சொல்லுங்கள் சார் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை சார்" என்று சொன்னார். கடற்கரையூர்களில் இப்படி நின்றவர்கள் பலர். 2012 செப்டம்பர் 10இல் கடற்கரையில் திரண்டவர்கள் மீது தடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அன்று மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

2013 மே 6இல் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. அத்துடன் பதினைந்து கட்டளைகளும் இட்டது. அவற்றுள் ஒன்று, போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளை விலக்கிக்கொள்ள முயற்சி எடுக்கப்பட வேண்டும் என்பது. 'விலக்க வேண்டும்' என்பதற்கும் 'விலக்க முயல வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம் வகுப்பறையில் ஒரு வினையெச்சம். இடிந்தகரையில் அது ஒருவருடைய இளமை. மாநில அரசு முதலில் 248 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. எஞ்சியவற்றுக்காக 2021இலும் அறிவிப்புகள் வந்தன. ஒரு கட்டளையின் பாதி நிறைவேற எட்டாண்டுகளுக்கு மேல் ஆன அதே காலத்தில், முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது; இரண்டாவது 2016 ஆகஸ்டில் இணைந்தது. எந்திரத்துக்கான கட்டளைகள் வேகமாகச் செல்கின்றன.

கண்காணிப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் நிர்வாக ஆணையால் தோன்றியது. அதற்குச் சட்டத் தன்னாட்சி இல்லை என்றும், விதிமீறலுக்கு விதிக்கத்தக்க உச்ச அபராதம் 500 ரூபாய் என்றும் 2012இல் தலைமைத் தணிக்கையர் எழுதினார். தலைக்கவசம் இல்லாமல் பாளையங்கோட்டையில் வண்டி ஓட்டுபவர் இன்று அதைவிட அதிகம் கட்டுகிறார். 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தைத் தந்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் குறைபாடுள்ள கருவியைத் தந்த நிறுவனத்திடம் இழப்பைத் திரும்பக் கேட்கலாம் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தனிப்பிரிவு, புதியதில் இல்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது.

முறை சேர்ந்த இன்னொரு சொல் தலைமுறை. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கிடங்கை ஐந்தாண்டுக்குள் அமைக்க வேண்டும் என்பது 2013இல் வைக்கப்பட்ட நிபந்தனை. 2018இல் அதற்கு மேலும் நான்காண்டு அவகாசம் கிடைத்தது. 2022இல் மாநில முதல்வர் அந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிரந்தரமாகப் புதைத்துவைக்கும் இடம் நாட்டில் எங்கும் அமையவில்லை. இதற்கிடையே 3, 4 அலகுகளுக்கு 2017இலும், 5, 6 அலகுகளுக்கு 2021இலும் கான்கிரீட் போடப்பட்டது. ஆறும் இயங்கும்போது 6,000 மெகாவாட். அந்த மின்சாரத்தில் நம் வீட்டு விளக்கும் எரியும். அதைக் கூசாமல் சொல்லத்தான் வேண்டும். எரிபவற்றின் மிச்சம் யாருடைய கரையில் இருக்கப்போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிதாக ஒன்றும் இல்லை. எஞ்சிய வழக்குகள் எத்தனை என்று எண்ணி, பட்டியலை ஊராட்சிப் பலகையில் ஒட்டி, முடித்துவைக்கலாம். ஆய்வறிக்கைகளைத் தமிழில் தரலாம். கருத்துக் கேட்பை மாவட்டத் தலைநகரில் நடத்தாமல் கரையூரிலேயே, மீன்பிடிக்கச் செல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடத்தலாம். இதற்கெல்லாம் மெகாவாட் கணக்கில் எதுவும் குறையாது. தாமிரபரணிக் கால்வாய்களில் கடைமடைக்காரன் தன் முறைக்குத் தண்ணீர் வரும் என்று நம்பித்தான் தலைமடைக்காரன் பாய்ச்சுவதைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். கூடங்குளத்துக் கரையில் இருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கையை யாரும் இன்னும் தரவில்லை.