எமது அடுக்களையில் மீன்



மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா என்பது எம்மவர் வழக்கிலுள்ள பழமொழி. கடலோரக் கிராமத்திற் பிறந்த பிள்ளைக்கு மீன் உண்ணப் பழக்க வேண்டுமா என்று ஊரில் எவரேனும் வினவியிருந்தால், நாமும் அவ்வாறே நகைத்திருப்போம். புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டில் அதனையும் பழக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்குப் பழக்குமுன் நாமே பழக வேண்டியதாயிற்று. சென்ற ஆண்டு விழாவுக்கு எமது வீட்டிலிருந்து வந்த மீன் வறையை உண்ட பெற்றோர் சிலர், இலகுவாக மீன் சமைக்கும் முறைகளை இம்மலரில் எழுதுமாறு கேட்டுக்கொண்டனர். தமிழ்ப் பாடசாலை மலரில் சமையற் குறிப்பு எதற்கு என்று எண்ணுவோர், இக்கட்டுரையை இறுதிவரை வாசிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

நாம் பிறந்தது வடமராட்சிக் கரையோரத்தில். பாரை, விளைமீன், சூடை, கும்பளா, அறக்குளா, ஓரா என மீன்களின் பெயர்களை ஏடு தொடங்குமுன்பே அறிந்திருந்தோம். ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் சமைக்க அறிந்திருக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்த காலத்திலும், பரிமாறியதை உண்டு கை கழுவி எழுவதே அடுக்களையில் எமது பங்காக இருந்தது. எங்கள் ஊர் ஆண்மக்கள் பலரின் நிலையும் அதுவே. அது பெருமைக்குரிய நிலையன்று என்பதை இங்கு வந்த பின்னரே உணர்ந்தோம்.

2009 ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின், மனைவியையும் மூன்று வயது மகளையும் எமது தாயாருடன் விட்டுத் தனியே நாட்டைவிட்டு வெளியேறினோம். நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் அகதிகள் முகாமில் எமக்கு இடம் கிடைத்தது. அங்கு நவம்பர் பிற்பகுதி தொடக்கம் சனவரி நடுப்பகுதி கழியும் வரை சூரியன் எழுவதில்லை. முகாமின் பொது அடுக்களையில் பல நாட்டவரும் தத்தம் உணவைச் சமைத்துக்கொண்டிருக்க, நாம் பாணும் அவித்த முட்டையும் உண்டு நாட்களைக் கடத்தினோம். ஒருநாள் துறைமுகத்தில் நின்ற முதிய மீனவர் ஒருவர் எம்மை அழைத்து, முழு மீன் ஒன்றைக் கையில் தந்தார். இந்நாட்டவர் தொஸ்க் என அழைக்கும் மீன் அது. அதனை வெட்டி நீரிலிட்டு, கரண்டியால் நன்றாகக் கிண்டினோம். மீன் கரைந்து கஞ்சியாயிற்று. முள்ளும் கஞ்சியும் பிரிக்க முடியாதவாறு கலந்துவிட்டன.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசி எடுத்தோம். வழக்கு என்னவாயிற்று, அனுமதி எப்போது கிடைக்கும் என்று தாயார் வினவுவாரே என அஞ்சியிருந்த எமக்கு, மீன் நல்லதொரு பேச்சாக வாய்த்தது. கதையைக் கேட்டுச் சிரித்த அவர், "தம்பி, மீனை அகப்பையாலை கிண்டாதை. சட்டியைப் பிடிச்சு மெல்லச் சுழற்றி விடு. தலைப்பால் விட்டாப் பிறகு கொதிக்க விடாதை. புளி விடுறது இறக்கினாப் பிறகுதான்" என்றார். தொலைபேசி அட்டையிலிருந்த பணம் முழுவதும் அன்று ஒரு சட்டிச் சொதிக்கே செலவாயிற்று. எமது முதலாவது சமையற் பாடம் அதுவே. ஆகவே அதனையே இங்கும் முதலாவதாகத் தருகிறோம்.

மீன் சொதி: நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தோலும் முள்ளும் நீக்கிய தொஸ்க் அரைக் கிலோ போதும். உறைந்த மீனாயின், முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுக. தேங்காய்ப்பால் பேணியை அசைக்காமற் குளிரில் வைத்துத் திறந்தால், பெரும்பாலும் மேலே கட்டிப்பால் திரண்டு நிற்கும். அதனைத் தலைப்பாலாக எடுத்து வைக்குக. அடியிலுள்ள நீர்த்த பாலுடன் அதேயளவு தண்ணீர் சேர்த்து, அரிந்த வெங்காயம் ஒன்று, கீறிய பச்சைமிளகாய் நான்கு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை இட்டு வெங்காயம் வேகும் வரை கொதிக்க வைக்குக. பின்னர் மீன் துண்டுகளை மெல்ல இறக்கி, நெருப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் விடுக. தொஸ்க் கொழுப்புக் குறைந்த, இலகுவில் உடையும் மீனாதலால் கிண்டுதல் ஆகாது. கண்ணாடி போன்றிருந்த தசை வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரியுமாயின் வெந்துவிட்டது எனக் கொள்க. தலைப்பாலை விட்டுச் சட்டியைச் சுழற்றி, கொதி தொடங்குமுன் இறக்குக. சற்று ஆறியபின் தேசிக்காய்ப் புளி விடுக. கொதிக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும். இடியப்பத்துக்கும் சோற்றுக்கும் ஏற்றது. இரண்டு மிளகாயைக் குறைத்தால் சிறு பிள்ளைகளும் உண்பர்.

2013 இல் குடும்ப இணைவு அனுமதி கிடைத்து மனைவியும் மகளும் வந்து சேர்ந்தனர். மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பம்மாவின் மடியிலிருந்து, அவர் முள்ளெடுத்துப் பிசைந்து தந்த சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளைக்கு நாம் தொலைபேசிக் குரலாக மட்டுமே இருந்தோம். நேரில் கண்டபோது தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டு நாட்களாக எம்மோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்றாம் நாள் நாம் சொதி வைத்தோம். உண்டுகொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து, "அப்பம்மா வைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். எமது முகத்தைப் பார்த்து அவள் கூறிய முதல் வார்த்தை அது.

அவளே பத்தாவது வயதில் மீனை வெறுக்கத் தொடங்கினாள். ஒரு மாரிகாலத்தில் வகுப்பு மாணவி ஒருத்தி இவளது குளிர்மேலாடையில் மீன் பொரித்த மணம் வீசுவதாகக் கூறி மூக்கைப் பொத்தினாளாம். அன்று மாலை வீடு வந்தவள், "அப்பா, இனி வீட்டிலை மீன் பொரிக்க வேண்டாம்" என்று அழுதாள். நாம் செய்த தவறு யாதெனின், பழைய ஆசிரிய வழக்கத்தில் சினந்து, நீண்டதொரு பிரசங்கம் செய்தமையே. மீனவர் படும் பாடு, உணவின் அருமை, எமது பண்பாடு என யாவும் அதில் அடங்கியிருந்தன. பிள்ளையின் கண்ணீருக்கு மட்டும் அதில் இடமிருக்கவில்லை. அவள் மீனை அறவே விட்டுவிட்டாள். அப்பம்மா தொலைபேசியில் முதலிற் கேட்பது "இண்டைக்கு என்ன மீன்?" என்பதாகும். பதில் கூற விரும்பாத பிள்ளை, நாளடைவில் தொலைபேசிக்கு வருவதையே தவிர்த்தாள். மீன் போனதோடு அப்பம்மாவுடனான தமிழும் போயிற்று.

வழி காட்டியவர் எமது மனைவியே. "பிள்ளை மீனை வெறுக்கேல்லை, மணத்தைத்தான் வெறுக்குது. நீங்கள் விஞ்ஞான வாத்தியார்தானே, அதுக்கொரு வழியைப் பாருங்கோ" என்றார். அதன் பின்னரே நாம் கற்ற கல்வி அடுக்களைக்குப் பயன்பட்டது. நல்ல புதுமீனுக்குக் கடல் மணமேயன்றிக் கெட்ட மணமில்லை. கடல்மீன் நாட்படும்போது அதன் உடலில் அமைன் என்னும் வகையைச் சேர்ந்த பொருள் உண்டாகிக் காற்றிற் கலந்து மணக்கிறது. தேசிக்காய், பழப்புளி முதலியவற்றின் அமிலம் அதனுடன் சேர்ந்து, ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. எமது தாய்மார் மீனுக்குப் புளி சேர்த்தமைக்குச் சுவை மட்டும் காரணமன்று. அடுத்து, ஆடையில் ஒட்டும் மணத்திற் பெரும்பகுதி பொரிக்கும் எண்ணெயின் புகையோடு வருவது. சன்னல் திறக்க முடியாத குளிர்நாட்டு வீட்டில் அது நாட்கணக்கில் நிற்கும். எனவே மேலாடைகளை அறையில் வைத்துக் கதவை மூடினோம். பொரியலைக் கோடைகாலத்துக்கு ஒதுக்கிவிட்டு, மாரிக்குப் பின்வரும் இரு முறைகளையும் கைக்கொண்டோம்.

போறணையில் வாட்டிய மீன்: நம்மூரில் பாண் வேகும் போறணையை எல்லோரும் அறிவோம். இங்கு வீட்டு மின்னடுப்பிலேயே சிறு போறணை இருக்கிறது. லக்ஸ் எனப்படும் சால்மன் துண்டுகளில் மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகுதூள், உப்பு, தேசிக்காய்ப் புளி ஆகியன பூசிக் கால் மணிநேரம் ஊறவிடுக. போறணைத் தாளில் வெங்காய வளையங்களைப் பரப்பி, மீனை அவற்றின்மேல் வைத்துப் பொட்டலமாக மடித்து, 200 பாகை வெப்பத்திற் பதினைந்து நிமிடம் வைக்குக. துண்டு பருமனாயின் இன்னுஞ் சில நிமிடங்கள் தேவைப்படும். தாளுக்குள்ளேயே வேகுவதால் மணம் பரவாது. சட்டி கழுவும் வேலையுமில்லை. மக்ரெல் மீனையும் குடல் நீக்கி, இருபுறமும் கீறி, இவ்வாறே முழுதாக வாட்டலாம். நம்மூர்க் கும்பளாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே அது. பழப்புளிக் குழம்புக்கும் மிக ஏற்றது.

மீன் வறை: ஊரிற் சுறாவில் செய்வது. இங்கு மலிவாகக் கிடைக்கும் சை என்னும் மீன் அதற்குப் பொருத்தமானது. இப்பெயரைக் கரும்பலகையில் எழுதியபோது, "சை என்று பெயர் வைத்த மீனை யார் சாப்பிடுவார், மாஸ்ரர்?" என வகுப்பில் ஒரு சிறுவன் கேட்க, வகுப்பே சிரித்தது. தமிழ் நகைச்சுவை பிள்ளைகளுக்கு விளங்குகிறதென நாமும் மகிழ்ந்தோம். அரைக் கிலோ மீனை உப்பும் மஞ்சளும் இட்டுச் சிறிது நீரில் அவித்து, ஆறியபின் நீரை வடித்துக் கையால் உதிர்த்து, முள்ளைத் தேடி எடுத்துவிடுக. ஒரு கோப்பை உலர்ந்த தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, அதனுடன் மிளகு, சீரகத் தூள்களையும் மீனுடன் பிசைக. சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயம், செத்தல்மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, மீன் கலவையை இட்டு ஈரம் வற்றும் வரை வறுக்குக. முள்ளெடுக்கும் வேலையை, பெரியவர் ஒருவர் அருகிலிருக்கப் பிள்ளைகளிடம் கொடுப்பது நன்று. தாம் உதிர்த்த மீனைப் பிள்ளைகள் வேண்டாமென்பது அரிது.

எமது மகளையும் அவ்வாறே அழைத்தோம். முதல் இரு தடவைகள் வரவில்லை. மூன்றாம் தடவை முள்ளெடுக்க வந்து அமர்ந்தாள். "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று செதிளையும் செட்டையையும் காட்டி வினவினாள். நாம் அறியாதவற்றை அப்பம்மாவிடம் கேட்டறிய மீண்டும் தொலைபேசியை எடுத்தாள். அதன்பின் அவளது வாரவிறுதிப் பேச்சு அரைமணி நேரத்துக்குக் குறைந்ததில்லை.

மீனின் பயனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வளர்ந்தோர் கிழமைக்கு 300 முதல் 450 கிராம் வரை மீன் உண்ண வேண்டும் எனவும், அதிற் குறைந்தது 200 கிராம் கொழுப்பு மீனாக இருத்தல் வேண்டும் எனவும் நோர்வே சுகாதாரத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. லக்ஸ், மக்ரெல் போன்ற கொழுப்பு மீன்களில் உயிர்ச்சத்து டி உண்டு. வெயில் குறைந்த நாட்டில் வாழும் கரிய தோலினரான எமக்கு அது மிகவும் வேண்டியது. மேலும், எமக்கும் இந்நாட்டுக்கும் உள்ள உறவே மீனோடு தொடங்கியது. 1956 இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்கள் இங்கு மீன்பிடித் தொழிலைக் கற்று, பின்னர் நோர்வே மக்களின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனம் உருவாக வழிவகுத்தார் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். வடபகுதி மீன் தொழிற்சாலைகளில் குளிர்நீரில் கைவிறைக்க மீன் வெட்டியே எம்மவர் பலர் தம் குடும்பங்களைத் தாங்கினர்.

2022 இல் எமது தாயார் ஊரிற் காலமானார். அகதியான எமது பயணப் பத்திரத்தில் தாய்நாடு செல்ல அனுமதியில்லை. இறுதிக் கிரியைகளைத் தொலைபேசித் திரையிற் கண்டோம். எங்கள் குடும்ப வழக்கப்படி எட்டாம் நாள் இரவு, மறைந்தவர் விரும்பி உண்ட மச்ச உணவுகளையும் படைப்பது உண்டு. அன்று நாம் எதுவும் செய்ய இயலாதவராய் இருந்தோம். பதினாறு வயது மகள் அடுக்களைக்குள் சென்று தனியே சொதி வைத்தாள். உதவிக்கு எழுந்து சென்ற நாம் கரண்டியைக் கையில் எடுத்தோம். "அப்பா, கிண்டாதையுங்கோ" என்றாள். சட்டியின் இருபுறமும் பிடித்து மெல்லச் சுழற்றினாள். அப்பம்மாவின் படத்தின்முன் வைத்த பின்பு நாம் மூவரும் அமர்ந்து உண்டோம்.

பெற்றோர்களே, வாரத்தில் ஒரு நாளேனும் பிள்ளைகளை அடுக்களைக்கு அழையுங்கள். தந்தையரும் உடன் வாருங்கள். ஊரில் அப்பம்மா, அம்மம்மா உள்ளவர்கள், அவர்களிடம் ஒரு கறியையேனும் பிள்ளைகளின் வாயாலேயே கேட்டறியச் செய்யுங்கள். மாணவச் செல்வங்களே, அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டில் உண்ணும் மீன்கள் ஐந்தின் பெயர்களைத் தமிழில் எழுதி வாருங்கள். அதுவே இம்மலரின் வழியாக நாம் தரும் வீட்டுவேலை.